பெடல் வைத்த காற்றுக் கயாக்: எதைப் பார்த்து வாங்குவது?

வாசகர் கேள்வி – பதில்

ஒன்ராறியோவில் பனி கரையத் தொடங்கினால் கயாக் என்கிற ஒடுங்கிய சிறுபடகு பற்றிய கடிதங்களும் வரத் தொடங்கிவிடும். இந்த முறை முக்கால்வாசிக் கடிதங்கள் அடுக்குமாடிகளில் இருப்பவர்களிடமிருந்து வந்தவை. காற்றடைத்து மிதக்கவிட்டு, பிறகு மடித்துப் பையில் போடக்கூடியதாக இருக்கவேண்டும், காலால் மிதித்து ஓட்டக்கூடியதாக இருக்கவேண்டும், இரண்டு கையும் தூண்டிலுக்கு வேண்டும். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்து, எட்டுக்குப் பதில் தருகிறோம்.

பத்தாவது மாடியில் குடியிருக்கிறேன். ஸ்கூகோக் ஏரியிலும் அதைவிடச் சின்ன ஏரிகளிலும் பாஸ், கிரப்பி மீன்கள் பிடிப்பேன். பெடல் வைத்த காற்றுக் கயாக் வாங்கப்போகிறேன். செட்டை அடிக்கிற வகையா, புரொப்பெல்லர் சுற்றுகிற வகையா நல்லது?
– வாசகர், ஸ்காபரோ

ஸ்கூகோக் என்று எழுதிவிட்டீர்கள், பாதி விடை அதிலேயே இருக்கிறது. அந்த ஏரியின் சராசரி ஆழம் ஒன்றரை மீற்றர்கூட இல்லை. ஜூலை பிறந்தால் பல இடங்களில் நீர்ச்செடி மேல்மட்டம்வரை வந்து நிற்கும். யூரேசிய மில்ஃபாயில் என்கிற, தலைமுடி மாதிரிச் சுற்றிக்கொள்ளும் வந்தேறிச் செடியும் அதில் உண்டு. பாஸ் நிற்பதும் அந்தச் செடிக்குள்தான்.

செட்டை வகையை 1997இல் மிராஜ் ட்ரைவ் என்ற பெயரில் கொண்டுவந்தது ஹோபி நிறுவனம். கயாக்கின் வயிற்றுக்கு அடியில் இரண்டு செட்டைகள், பென்குவின் நீந்துவதுபோல, குறுக்கே வீசி வீசித் தள்ளும். கால் சுழல்வதில்லை, இடது, வலது என்று மாறி மாறி முன்னே தள்ளினால் போதும். முழுதாக இறங்கிய நிலையில் செட்டை ஏறத்தாழ 45 சென்ரிமீற்றர் ஆழம் கேட்கும். ஆனால் ஒரு பெடலை முன்னே எட்டும் மட்டும் தள்ளிப் பிடித்தால் இரண்டு செட்டையும் வயிற்றோடு ஒட்டிப் படுத்துக்கொள்ளும். அப்படியே முழங்கால் ஆழத்தையோ செடிப் பாத்தியையோ வழுக்கிக் கடந்துவிடலாம். செடி சிக்கினாலும் இரண்டு மூன்று வீச்சில் தானாக உருவிக்கொண்டு போகும். பழைய செட்டை ட்ரைவ்கள் (ட்ரைவ் என்பது பெடலோடு சேர்ந்த இயக்கி) முன்னுக்கு மட்டும்தான் போகும். பின்னுக்கும் போகும் மாதிரிகள் பிறகு வந்தவை. வாங்குமுன் எது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

புரொப்பெல்லர் வகை சைக்கிள்போலச் சுற்றுவது. பெடல் ஒரு சுற்றுச் சுற்றினால் பல மாதிரிகளில் அடியிலே புரொப்பெல்லர் பத்துச் சுற்றளவு சுற்றும். பின்னுக்கு மிதித்தால் அந்தக் கணமே பின்னுக்குப் போகும். ஒரு பாஸ் தூண்டிலைக் கவ்விக்கொண்டு மரக்குற்றிக்குள் ஓடும்போது கயாக்கையே பின்வாங்கி மீனை வெளியே இழுக்கலாம். காற்றை எதிர்த்து ஒரே இடத்தில் நிற்பதற்கும் இதுதான் சுகம். ஆனால் மில்ஃபாயிலுக்குள் போனால் தண்டோடு சுற்றிக் கயிறாகத் திரண்டுவிடும். பெடல் கனக்கத் தொடங்கும். அப்போது பின்னுக்கு ஐந்தாறு சுற்று மிதித்துப் பாருங்கள். விடவில்லை என்றால் ட்ரைவை மேலே தூக்கிக் கையால்தான் உரிக்கவேண்டும்.

செடியைவிட மோசமானது தங்கூசி, அதாவது தூண்டில் இழை. சுற்றிய தங்கூசி புரொப்பெல்லருக்கும் அதன் கழுத்துக்கும் நடுவில் இறங்கி, தண்ணீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையத்தை அறுத்துவிடும். அது உடனே தெரியாது. கியர்ப் பெட்டியில் எண்ணெய் பால்தேநீர் நிறத்துக்கு மாறியிருந்தால் தண்ணீர் உள்ளே போய்விட்டது என்று அர்த்தம். நாலைந்து பயணத்துக்கு ஒரு தடவை புரொப்பெல்லர் நட்டைக் கழற்றிக் கழுத்தைப் பாருங்கள்.

ஆகவே ஸ்கூகோக்குக்குச் செட்டை. வடக்கே ஹலிபேர்ட்டன் பக்கத்துக் கல்லும் ஆழமுமான தெளிந்த ஏரிகள் என்றால் புரொப்பெல்லர். செட்டை பாறையில் மோதினால் அதன் இரும்புக் கம்பி வளையும்; ஒரு கம்பியும் ஒரு செட்டையும் மேலதிகமாகப் பையில் கிடக்கட்டும். புரொப்பெல்லரில் முறிவு ஊசி (மோதும்போது தான் முறிந்து ட்ரைவைக் காப்பாற்றும் ஊசி) வைத்த மாதிரி என்றால் இரண்டு ஊசி.

கடையில் ஒன்றைக் கட்டாயம் செய்து பாருங்கள். இருக்கையில் உட்கார்ந்தபடி, எழும்பாமல், ஒரு கையால் ட்ரைவை மேலே தூக்க முடிகிறதா? செட்டை ட்ரைவ் மூன்று நாலு கிலோதான். புரொப்பெல்லர் ட்ரைவ் ஏழு முதல் பத்துக் கிலோவரை இருக்கும். எழும்பிக் குனிந்துதான் தூக்கவேண்டும் என்றால், கரையேறும்போதெல்லாம் அது ஒரு தலையிடி. பத்தாவது மாடிக்கு லிஃப்டில் ஏற்றுவதும் நீங்கள்தான்: மடித்த உடல் ஒரு பை, ட்ரைவும் இருக்கையும் இன்னொன்று. ஒரே பையில் எல்லாம் அடங்கும் என்ற விளம்பரத்தைப் பார்த்துத் தோளைக் கொடுக்காதீர்கள்.

போன வருடம் வாங்கிய காற்றுக் கயாக், பத்தரை அடி. மிதிக்கும்போது இருக்கை பின்னுக்குப் போகிறது, தரை நடுவில் தாழ்கிறது. அரை மணி நேரத்தில் இடுப்பு வலி, வேகமும் இல்லை. ட்ரைவில் பிழையா?
– வாசகர், மார்க்கம்

ட்ரைவில் பிழை இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. பெடலை முன்னே தள்ளும் அதே விசை உங்கள் முதுகை இருக்கையோடு பின்னே தள்ளுகிறது. வன்பிளாஸ்டிக் கயாக்கில் இருக்கையும் ட்ரைவும் ஒரே உடலில் இறுகியிருக்கும். விசை முழுவதும் தண்ணீருக்குப் போகும். காற்றுக் கயாக்கில் இரண்டுக்கும் நடுவில் இருப்பது காற்றும் பட்டியும். தரை மெத்தையாக இருந்தால் நீங்கள் மிதித்து மடிப்பது உங்கள் கயாக்கைத்தான்.

முதலில் தரை எந்த வகை என்று பாருங்கள். நீளவாக்கில் குழாய் குழாயாக வரி தெரிந்தால் அது 3 பி.எஸ்.ஐ. காற்றழுத்தத்துக்கு மேல் தாங்காத சாதாரண மெத்தைத் தரை. பலகைபோல் தட்டையாக இருந்தால் ட்ரொப்-ஸ்டிச். மேல் துணிக்கும் கீழ்த் துணிக்கும் நடுவில் ஆயிரக்கணக்கான நூல்கள் நெருக்கமாகக் கட்டியிருப்பதால் 10 முதல் 15 பி.எஸ்.ஐ. ஏற்றினாலும் உப்பாமல் விறைக்கும். பெடல் கயாக்குக்கு ட்ரொப்-ஸ்டிச் தரை இல்லாமல் வாங்கவே வாங்காதீர்கள் என்பது எங்கள் கருத்து. ட்ரைவ் எவ்வளவு நல்லதென்றாலும் சரி.

உங்களுடையது ட்ரொப்-ஸ்டிச் என்றால் அழுத்தம் குறைவாக இருக்கலாம். கைப்பம்பு 6, 7 தாண்டினால் கை வலிக்கும், பலர் அங்கேயே நிறுத்திவிடுவார்கள். வால்வுக்குப் பக்கத்தில் எழுதியிருக்கும் அளவுவரை ஏற்றிவிட்டு, அணியத்திலிருந்து, அதாவது முன்முனையிலிருந்து, பின்முனைக்கு ஒரு நூலை இழுத்துக் கட்டுங்கள். ஒருவர் இருக்கையில் உட்காரும் முன்பும் பின்பும் நூலுக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியை அளந்தால் எவ்வளவு தாழ்கிறது என்று தெரிந்துவிடும்.

அடுத்தது பட்டி. இருக்கையைப் பிடிக்கும் பட்டிகள் நைலோன் என்றால் நனைந்ததும் நீளும். காலையில் இறுக்கியது பத்து மணிக்குத் தொளதொளக்கும். பொலியெஸ்டர் பட்டி நீளாது. இருக்கையின் அடிச்சட்டத்திலிருந்து ட்ரைவ் பொருந்தும் சட்டத்துக்கு இரு பக்கமும் 25 மில்லிமீற்றர் பொலியெஸ்டர் பட்டி போட்டு இறுக்குங்கள். இப்போது தள்ளும் இரண்டு முனையும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும், தரை தப்பிக்கும். மெத்தைத் தரையாக இருந்தாலும், இருக்கைக்கு அடியிலிருந்து ட்ரைவ் சட்டம்வரை எட்டுகிற மாதிரி 12 மில்லிமீற்றர் மரைன் ஒட்டுப்பலகை ஒன்று, விளிம்பை உருட்டி உரசித் துணி ஒட்டிப் போட்டால் பாதி குணமாகும். முழுக் குணம் கிடையாது.

இடுப்பு வலிக்கு இன்னொரு காரணமும் உண்டு. பெடல் அதிக தூரம் போயிருக்கும் நிலையில் முழங்கால் கொஞ்சம் மடிந்தே இருக்கவேண்டும். கால் நேராக நீண்டால் ஒவ்வொரு மிதிக்கும் இடுப்பு ஆடும்.

வாகனத் தரிப்பிடத்தில் தரைக்கு 10 பி.எஸ்.ஐ. ஏற்றினேன். தண்ணீரில் இறக்கிக் கொஞ்ச நேரத்தில் நெகிழ்ந்துவிட்டது. ஓட்டையா?
– வாசகி, அஜக்ஸ்

அநேகமாக இல்லை. பம்பு காற்றை அமுக்கும்போதே அது சூடாகிறது. போதாக்குறைக்கு வெயிலும் தார்த்தரையும். உள்ளே காற்று 38 பாகையில் இருந்து, ஏரி 20 பாகை என்றால், 10 பி.எஸ்.ஐ. ஏறத்தாழ எட்டரைக்கு இறங்கும். தண்ணீரில் பத்து நிமிடம் மிதக்கவிட்டுப் பிறகு ஒருமுறை ஏற்றிக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகும் இறங்கினால்தான் ஓட்டையைத் தேடவேண்டும்.

பயப்படவேண்டியது இதற்கு எதிர்ப்பக்கத்துக்கு. மத்தியானச் சாப்பாட்டுக்குக் கரையில் இழுத்துப் போடும் கயாக். காற்று 22 பாகையிலிருந்து 50 பாகைக்குச் சூடேறினால் 10 பி.எஸ்.ஐ. தரை 12.3 ஆகும், அது தாங்கும். ஆனால் 3 பி.எஸ்.ஐ. பக்கக் குழாய் 4.7 ஆகும். தரைக்கு ஏறியது நாலில் ஒரு பங்கு, குழாய்க்கோ பாதிக்கு மேல். கரையில் வெடிப்பது பெரும்பாலும் பக்கக் குழாயின் தையல்தான், காரணம் இந்தக் கணக்கு. கரையேறியதும் பக்கக் குழாயில் கொஞ்சம் காற்றை விடுங்கள், அல்லது பாதி உடலைத் தண்ணீரிலேயே விட்டு நிழலில் கட்டுங்கள்.

வால்வைப் பற்றியும் ஒரு சொல். நடுவிலுள்ள ஊசி மேலே நின்றால் மூடியது, அமுக்கித் திருப்பிக் கீழே நின்றால் திறந்தது. கீழே நின்றபடி பம்புக் குழாயைக் கழற்றினால் பத்து நிமிட உழைப்பு ஒரு ‘புஸ்’ சத்தத்தோடு போய்விடும். எல்லோரும் ஒருமுறையாவது செய்கிற பிழை இது. கைப்பம்பின் முள் ஆரம்பத்தில் அசையாது; தரை ஓரளவு விறைத்த பிறகுதான் அசையத் தொடங்கும். முள் அசையவில்லை என்று பம்பைக் குறை சொல்லவேண்டாம்.

தனியாகக் கழற்றும் தரை என்றால் வரிசையும் முக்கியம். பக்கக் குழாய்களைப் பாதிக்கு நிரப்பி, தரையை உள்ளே நேராக வைத்து, தரையை முழுதாக ஏற்றி, கடைசியில் பக்கங்களை முடிக்கவேண்டும். பக்கங்கள் முதலிலேயே விறைத்துவிட்டால் தரை கோணிக்கொண்டு உட்காரும், ட்ரைவ் துளையும் நேர் வராது. உங்கள் கையேடு வேறு வரிசை சொன்னால் அதன்படி செய்யுங்கள்.

பெடலோடு சின்ன மின்மோட்டாரும் பூட்டினால் லைசன்ஸ் வேண்டுமா?
– வாசகர், பிரம்டன்

பெடல் மட்டும் என்றால் ஓட்டுநர் அட்டை வேண்டாம். மின்மோட்டார் எவ்வளவு சின்னதாக இருந்தாலும், பூட்டிய நிமிடம் அது மோட்டார்ப் படகு. கனடாவின் உல்லாசப் படகு ஓட்டுநர் அட்டை கையில் இருக்கவேண்டும். படகுக்கு இலக்கம் எடுப்பது 10 குதிரைவலுவும் அதற்கு மேலும் உள்ள மோட்டாருக்குத்தான், உங்களுக்கு அது தேவைப்படாது. மீன்பிடி அனுமதி இவற்றோடு சேராத தனி விஷயம். 18 முதல் 64 வயதுவரையுள்ளவர்கள் எடுத்தே ஆகவேண்டும்.

மூன்று முள் தூண்டில் காற்றுக் கயாக்கில் ஏறிவிட்டால்? நினைக்கவே பயமாக இருக்கிறது.
– வாசகர், ஓஷாவா

தடித்த பி.வி.சி. துணியில் தூண்டில் முள் குத்துவது கதைகளில் நடக்கிற அளவுக்கு நேரில் நடப்பதில்லை. நடக்கிற நேரம் ஒன்றுதான்: மீனைப் பக்கத்தில் கொண்டுவந்து, கைவலை இல்லாமல் வெறும் கையால் தூக்கும்போது அது துள்ளுகிறது, வாயில் தொங்கும் மற்ற முள் குழாயின் பக்கவாட்டில் மாட்டுகிறது. ரப்பர் பூசிய கைவலையும், நீள மூக்குக் குறடும் வைத்திருங்கள். முள்ளின் நுனியில் பின்னோக்கி நிற்கும் எதிர்க்கொளுவியைக் குறட்டால் நசுக்கிவிடுங்கள். மாட்டினாலும் முள் சுலபமாகத் திரும்பி வரும்.

எங்களைக் கேட்டால் முள்ளைவிட சீப்ரா மட்டிக்குத்தான் பயப்படவேண்டும். சிம்கோ, கவார்த்தா ஏரிகளில் கல்லும் படகுத்துறைக் கால்களும் நகத்தளவு மட்டிகளால் மூடியிருக்கும்; ஓட்டின் விளிம்பு சவர அலகு. ஏற்றிய கயாக்கை அந்தக் கல்லின் மேல் இழுத்தால் அடித்துணியில் கோடு கோடாக வெட்டும். முழங்கால் தண்ணீரிலேயே இறங்கி நின்று தூக்குங்கள்.

ஓட்டை விழுந்தால், ஏரிக்கரையில் டியர்-எய்ட் ஒட்டு போதும். அதில் இரண்டு வகை இருக்கிறது, பி.வி.சி.க்கு உரியது பி வகை. அவசரத்தில் ஏ வகையை வாங்கினால் அது ஒட்டாமல் உரியும். வீட்டுக்கு வந்து நிரந்தரமாக ஒட்டும்போது ஓட்டையைச் சுற்றி எல்லாப் பக்கமும் 5 சென்ரிமீற்றர் மிஞ்சுகிற மாதிரி, மூலை வட்டமான துண்டு வெட்டுங்கள். கூர்மூலை முதலில் உரியும். இரண்டு பக்கமும் அசிற்றோனால் துடைத்துக் காயவிட்டு, பி.வி.சி. பசையை மெல்லியதாக இரண்டு பூச்சு. ஒவ்வொன்றும் விரலில் ஒட்டும் ஆனால் இழுபடாத பதத்துக்கு வரவேண்டும். பிறகு ஒட்டி, கரண்டியின் முதுகால் நடுவிலிருந்து வெளியே தேய்த்துக் காற்றை வெளியேற்றி, 24 மணி நேரம் காற்று ஏற்றாமல் விடுங்கள். மழைநாளில் இந்த வேலை வேண்டாம். ஈரக்காற்றில் பசைக்கு அடியில் நீர்ப்படலம் விழுந்து ஒட்டு பலவீனமாகும்.

நங்கூரமும் கத்திதான். நாலு கொக்கி மடிநங்கூரம் என்றால் பழைய ஜீன்ஸ் காலை வெட்டி உறையாகப் போடுங்கள். கயிற்றை ஒருபோதும் பக்கவாட்டில் கட்டாதீர்கள், அணியத்திலோ பின்முனையிலோ கட்டுங்கள். காற்றுக் கயாக் தண்ணீருக்கு மேல் உயர்ந்து நிற்பதால் காற்று அதைப் பாய்போலப் பிடிக்கும். நடுவில் கட்டிய கயிறு கயாக்கைச் சாய்த்துவிடும்.

பழையது ஒன்று விலைக்கு வருகிறது. எதைப் பார்க்கவேண்டும்?
– வாசகர், பிக்கறிங்

விற்பவர் ஏற்கனவே காற்றடைத்து வைத்திருந்தால், எல்லாவற்றையும் விட்டு உங்கள் முன்னால் மறுபடி ஏற்றச் சொல்லுங்கள். ஏற்றியதும் அழுத்தத்தைக் குறித்துக்கொண்டு, நிழலில் ஒரு மணி நேரம் விடுங்கள். அந்த ஒரு மணி நேரத்தில் சவர்க்காரத் தண்ணீரைத் தெளித்து வால்வுகளையும் ட்ரைவ் துளையைச் சுற்றியுள்ள ஒட்டுகளையும் தரையின் ஓரத் தையலையும் பாருங்கள். வால்வில் குமிழி வந்தால் கவலையில்லை. மணல் துகள் அகப்பட்டிருக்கும், அல்லது வால்வுச் சாவியால் கால் சுற்று இறுக்கினால் தீரும். ட்ரொப்-ஸ்டிச் தரையின் ஓரத் தையலில் குமிழி வந்தால், விலை எவ்வளவு குறைந்தாலும் திரும்பி வாருங்கள். அந்த இடத்தில் ஒட்டு நிற்காது. தரை ஓரிடத்தில் மட்டும் சட்டி கவிழ்த்ததுபோல் உப்பியிருந்தால் உள்ளே நூல் அறுந்திருக்கிறது. அது பரவும்.

ட்ரைவைத் துளையில் பூட்டிக் கையால் ஆட்டிப் பாருங்கள். இரண்டு மில்லிமீற்றர் ஆட்டம் சரி. தாளம் போட்டால் பூட்டு தேய்ந்துவிட்டது. செட்டைக் கம்பிகளை முகத்துக்கு நேரே பிடித்து வளைவைப் பாருங்கள். சுக்கான் கயிறு பிசிறியிருந்தால் மாற்றுவது சுலபம், பேரம் பேச மட்டும் அதைப் பயன்படுத்துங்கள். எடைத் தாங்கும் அளவை ஸ்டிக்கரில் வாசித்து, அதில் இருக்கையும் ட்ரைவும் அடக்கமா என்று தயாரிப்பாளரின் கையேட்டில் பாருங்கள். 180 கிலோ என்று போட்டிருந்தால் உங்களையும் எல்லாச் சாமானையும் சேர்த்து 125 கிலோவுக்குள் நிறுத்துங்கள். அதற்கு மேல் தரை தாழ்ந்து ட்ரைவ் துளையால் தண்ணீர் கொப்பளிக்கும்.

ஏப்ரல் கடைசியில் தனியாகப் போகலாமா? கயாக் மிக அகலம், கவிழாது என்கிறார்கள்.
– வாசகர், பீற்றர்பரோ

கவிழ்வது குறைவு, விழுவது குறைவில்லை. மீனைத் தூக்க எட்டும்போது கயாக் அப்படியே இருக்கும், நீங்கள் மட்டும் தண்ணீரில் இருப்பீர்கள். ஏப்ரலில் அது பனிக்கட்டி விட்டுச் சில நாளான தண்ணீர். குளிர்நீர் ஆய்வாளர்கள் சொல்லும் 1-10-1 கணக்கை மனதில் வையுங்கள்: மூச்சிரைப்பை அடக்க ஒரு நிமிடம், கைகால் உருப்படியாக வேலை செய்யப் பத்து நிமிடம், நினைவு தவற ஏறத்தாழ ஒரு மணி நேரம். விரல் மரத்த பிறகு இடுப்பிலுள்ள கொளுவியைப் பூட்ட முடியாது. லைஃப் ஜாக்கெட்டை உடம்பில்தான் போட்டிருக்கவேண்டும். காற்றடைக்கும் வகை ஜாக்கெட் கனடாவில் கணக்கில் சேர்வதே அணிந்திருந்தால் மட்டும்தான், 16 வயதுக்குக் கீழ் பிள்ளைகளுக்கு அது அனுமதியும் இல்லை. விசில், 15 மீற்றர் மிதக்கும் கயிறு, தண்ணீர் அள்ளும் வாளி, இருட்டுமுன் திரும்பாவிட்டால் வெளிச்சம் – இவற்றோடு போங்கள். துடுப்பு ஒன்றும் கட்டாயம். பெடல் நின்றால் அதுதான் கால்.

ஜூலையில், இடுப்பளவு தண்ணீரில், ஏறிப் பழகுங்கள். பக்கவாட்டில் நின்று குழாயைத் தொட்டபடி கால்களைப் பின்னே அடித்து உடம்பைத் தண்ணீர் மட்டத்துக்குக் கொண்டுவந்து, வயிற்றால் சறுக்கி ஏறி, பிறகு புரளவேண்டும். ஏறும் பக்கத்தில் தூண்டில் தாங்கி இருந்தால் அது நெஞ்சில் குத்தும். ஒரு பக்கத்தைக் காலியாக விடுங்கள். ட்ரைவையும் இருக்கையையும் கயிற்றால் உடலோடு கட்டியிருங்கள். கவிழ்ந்தால் பூட்டாத ட்ரைவ் நேரே அடிக்குப் போய்விடும், விலை கூடிய பாகமும் அதுதான்.

தனியாகப் போவதா என்று கேட்டிருந்தீர்கள். மே நடுப்பகுதிக்கு முன் வேண்டாம்.

ஏரிக்கு ஏரி கொண்டுபோகும்போது கழுவவேண்டுமாமே?
– வாசகி, ஸ்காபரோ

ஆம், ஒன்ராறியோவில் 2022 ஜனவரி முதலாம் திகதியிலிருந்து அது சட்டம். தரைவழியாகக் கொண்டுபோகுமுன் நீர்ச்செடி, மட்டி, பாசி எல்லாவற்றையும் அகற்றி, அடைப்பான்களைத் திறந்து தண்ணீரை வடித்துவிடவேண்டும். கயாக்கும் இதில் அடக்கம். பெடல் கயாக்கில் ஒளிந்திருக்கும் இடங்கள் மூன்று: ட்ரைவ் துளையின் உள்சுவர், சுக்கான் கீல், தரைக்கும் பக்கக் குழாய்க்கும் இடையிலுள்ள பிளவு. மூன்றாவதை யாரும் பார்ப்பதில்லை. தரையைக் கழற்றினால் ஒரு கோப்பைத் தண்ணீரும் செடித்துண்டும் அங்கே கிடக்கும். 50 பாகைக்கு மேற்பட்ட சுடுநீரால் அலசுவது, அல்லது ஐந்து நாளாவது வெயிலில் காயவிடுவது வழக்கம். அடுக்குமாடி பல்கனியில் பாதி காற்றோடு சாய்த்து நிறுத்தினால் பிளவு விரிந்து சீக்கிரம் காயும். உயரழுத்தப் பீச்சுக்குழாயைத் தையல் பக்கம் காட்டாதீர்கள்.

குளிர்காலத்துக்கு மடிப்பதென்றால் முற்றாகக் காய்ந்த பிறகு தளர்வாகச் சுருட்டி, முடிந்தால் வீட்டுக்குள் வையுங்கள். கராஜில்தான் இடம் என்றால் எலி கடிக்காத மூடிய பிளாஸ்டிக் பெட்டி. மார்ச்சில் அந்தப் பெட்டியை உள்ளே கொண்டுவந்து ஒரு இரவு அறைச் சூட்டில் விட்ட பிறகே விரியுங்கள். மைனஸ் 15இல் விறைத்த பி.வி.சி.யை இழுத்து விரித்தால் மடிப்புக் கோட்டிலேயே வெடிக்கும்.